மரத்திலுமா சாதி பார்க்கிறீர்கள்?

அடையாறில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு காலி மனை உண்டு. சுற்றுச்சுவர் பாதி இடிந்து, கட்டட இடிபாடும் பால் பாக்கெட் உறையுமாகக் கிடந்த இடம். ஐந்தாறு ஆண்டுகளில் அது சூபாபுல் காடாகிவிட்டது. போன கோடையில் மனைக்காரர் ஆள் விட்டு வெட்ட வந்தபோது தெருவே திரண்டு நிறுத்தியது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். "இது போகட்டும், பதிலுக்கு ஓரமாக நாலு புங்கை வைத்துத் தரச் சொல்லிக் கேட்போம்" என்று நான் சொன்னதும் எதிர்வீட்டு அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் தம்பி, மரத்துலயுமா ஜாதி பாப்பீங்க? மரம்னா மரம்தான். நிழல் குடுக்குதா, காத்து குடுக்குதா, அவ்வளவுதான்" என்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

அந்த அம்மாள் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது. மறுநாள் காலையில் இந்த ஊரைப் பார்த்த யாரும் ஒரு மரம் விழுவதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணியில் நிழலை இழந்த தி.நகர், மயிலாப்பூர் சாலைகளில் பங்குனி வெயிலில் நடப்பவருக்குக் கிடைக்கும் எந்தப் பச்சையும் பெரிதுதான். ஆகவே "மரம் என்றால் மரம்தான்" என்பது அவர் ஒருவருடைய கருத்து இல்லை. குடியிருப்போர் சங்கத்தின் கருத்து அது. பள்ளிக்கூடத்தில் கன்று நடும் விழாவின் கருத்து. எத்தனை ஆயிரம் கன்று நட்டோம் என்று கணக்குக் காட்டும் அலுவலகங்களின் கருத்தும் அதுவே. நல்ல மனதிலிருந்து வரும் கருத்து என்பதால் அதை மறுக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மறுத்தே ஆகவேண்டும். இந்த ஊருக்கென்று சொந்தமாக ஒரு காடு உண்டு. "எதுவானாலும் பச்சைதானே" என்ற பேச்சின் நிழலில்தான் அது நம் கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கிறது.

முதலில் அந்த மனைக்கே போவோம். சூபாபுல் தோப்புக்குள் குனிந்து நுழைந்தால் தலைக்கு மேலே சூபாபுல், இடுப்பளவில் சூபாபுல், காலடியில் நாற்றங்கால் போல் நெருக்கமாக நிற்பதும் சூபாபுல் கன்றுகள். கொத்துக் கொத்தாகத் தொங்கும் தட்டைக் காய்கள் காய்ந்து, காற்றடித்தால் சலசலக்கின்றன. ஒவ்வொரு காயிலும் பத்துப் பதினைந்து விதைக்குக் குறையாது. வேறு செடி ஏதாவது உண்டா என்று தேடினேன். சுவரோரம் ஒரு வேப்பங்கன்று, வெளிச்சத்துக்குக் கழுத்தை நீட்டி நீட்டி வெளிறிப்போய் நின்றது. அது ஒன்றுதான்.

அங்கிருந்து நாலு வீடு தள்ளி நடைபாதையில் ஒரு புங்கை நிற்கிறது. அதில் ஒரு கிளையை வளைத்துப் பாருங்கள். முழுசான இலை ஒன்று கிடைப்பது கஷ்டம். ஒன்றின் ஓரத்தில் பிறை பிறையாகக் கடித்த தடம். ஒன்றில் இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே சுரங்கம் தோண்டிக்கொண்டு போன புழுவின் வெள்ளைக் கிறுக்கல். இன்னொன்றில் அம்மை வார்த்தாற்போல் பொடிப்பொடியான கொப்புளங்கள். கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் கட்டிய வீடுகள் அவை. மரத்துக்கு நோய் வந்துவிட்டது, மருந்தடிக்க வேண்டும் என்று எங்கள் தெருவிலேயே சொன்னார்கள். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஊருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. காலை ஆறரை மணிக்கு அந்தப் புங்கையடியில் நின்றால் தையல்சிட்டு இலை இலையாகப் புரட்டிப் பார்த்து இரை பொறுக்குவதைப் பார்க்கலாம். பூக்கும் பருவத்தில் தேனீக்களின் இரைச்சல் காதில் விழும்.

சிட்டுக்குருவியைத் தானியம் தின்னும் பறவை என்றே நினைக்கிறோம். ஆனால் குஞ்சுக்கு அது ஊட்டுவது புழுவும் பூச்சியும். குருவி காணாமல் போய்விட்டதே என்று ஒருபக்கம் வருந்துகிறோம். மறுபக்கம் நர்சரிக்குப் போய் "பூச்சி அண்டாத மரமாகக் கொடுங்கள்" என்று கேட்கிறோம். கொனோகார்பஸ் இந்த ஊருக்குள் வந்த வழி அதுதான். எப்போதும் பசேலென்று இருக்கும், சீக்கிரம் வளரும், ஆடுமாடு தொடாது, வேலி போல் கத்தரித்துவிடலாம் என்று சாலைத் திட்டுகளில் வரிசை வரிசையாக வைத்தார்கள். குஜராத் அரசு 2023-இல் அதைத் தடை செய்தது. 2025-இல் தமிழ்நாடு அரசும் தடை செய்தது. வைக்கும்போது யாராவது அது என்ன மரம், எதற்கு உணவாகும் என்று கேட்டிருந்தால் தடை செய்யும் அளவுக்கு வந்திருக்காது.

இனி அந்த அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். சாதி பார்ப்பது என்றால் ஒருவருடைய பிறப்பை வைத்து அவரை ஒதுக்குவது. நான் எந்த மரத்தையும் அதன் பிறப்பை வைத்து ஒதுக்கவில்லை. புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகி, நம் ரசத்திலேயே கலந்துவிட்டது. நம் சாலைகளுக்குக் குடை பிடிக்கும் தூங்குமூஞ்சி அமெரிக்க வெப்பமண்டலத்து மரம். மே மாதம் சிவக்கும் மயில்கொன்றைக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர். பிரம்மஞான சபைத் தோட்டத்தில் பெரிய ஆலமரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே நிற்கும் ஆப்பிரிக்கப் பெருக்க மரத்தையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். இவற்றில் ஒன்றையும் வெட்டு என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் இவை வைத்த இடத்தில் நிற்கின்றன. பக்கத்து மனைக்குள் புகுந்து அங்கே முளைத்திருப்பதை அடித்துத் துரத்துவதில்லை. நான் கேட்பது இரண்டே கேள்வி. இந்த மரம் தானாகப் பரவுகிறதா? பரவிய இடத்தில் மற்றவற்றை வாழவிடுகிறதா?

பிறப்பு இதில் அளவுகோல் இல்லை என்பதற்குத் திருவான்மியூரிலேயே சாட்சி இருக்கிறது. மருந்தீஸ்வரர் கோயிலின் தலமரம் வன்னி. கோயிலை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலி மனை தோறும் மண்டிக் கிடப்பது சீமைக் கருவேலம். தாவரவியலார் நெடுங்காலம் இரண்டையும் ஒரே பேரினத்தில், அக்காள் தங்கை போல, வைத்திருந்தார்கள். இலையையும் முள்ளையும் காயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். ஆனால் ராஜஸ்தானில் விவசாயி தன் வயலுக்கு நடுவில் வன்னியை விட்டுவைக்கிறார். அதன் அடியில் கம்பு விளைகிறது, ஆடு தழை தின்கிறது. சீமைக் கருவேலத்தின் அடியில் கம்பு வேண்டாம், அறுகம்புல்லாவது முளைக்கிறதா என்று பாருங்கள். ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு மரங்களில் ஒன்றைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், மற்றதை அகற்று என்கிறேன். இதில் சாதி எங்கே இருக்கிறது?

சீமைக் கருவேலத்தைக் காமராஜர் ஆட்சியில் வானூர்தியிலிருந்து தூவினார்கள் என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. அந்த மரம் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம், தென்னிந்தியப் பெரணிகளையும் பாம்புகளையும் ஆராய்ந்த அதே பெடோம், 1876-இல் இதன் விதை வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதை 1877-இல் கடப்பைப் பக்கம் ஊன்றப்பட்டது. வறண்ட நிலத்துக்கு விறகு வேண்டும் என்பதே நோக்கம். நோக்கத்தில் குற்றமில்லை. "எந்த மரமானாலும் சரி, சீக்கிரம் வளர்ந்தால் போதும்" என்ற எண்ணம் இந்த மண்ணில் அன்று தொடங்கியது. 1970-களிலும் 80-களிலும் சமூகக் காடுகள் திட்டத்தில் சூபாபுல்லை அதிசய மரம் என்று சொல்லிக் கொடுத்தபோதும் அதே எண்ணம்தான். உலகின் மிகக் கேடான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் இன்று அந்த அதிசய மரம் இருக்கிறது. நம் பூங்காக்களில் அழகுக்காக வைக்கும் ஆப்பிரிக்க டூலிப் மரமும் அதே பட்டியலில் இருக்கிறது.

நம் ஊரின் சொந்தக் காடு என்று சொன்னேன். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. காடு என்றால் முதுமலை, ஆனைமலை என்று பேருந்து ஏறுகிறோம். சோழமண்டலக் கடற்கரை நெடுக, கடலுக்குப் பக்கத்திலேயே, உலகில் மிக அரிதான ஒரு காட்டு வகை இருந்தது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று நூல்களில் எழுதுவார்கள். ஐப்பசி கார்த்திகையில் கொட்டுவதைக் குடித்துவிட்டு, பிறகு மாதக்கணக்காக வானம் பார்க்கும் நிலம் இது. அப்படியிருந்தும் இந்தக் காடு இலையுதிர்த்து மொட்டையாவதில்லை. இலைகள் சிறியவை, தடித்தவை, தோல் போன்றவை. மரங்கள் வானளாவ வளர்வதில்லை. இருபதடி முப்பதடியில் குடை போல் நெருங்கி நிற்கும். உலக்கைப் பாலை, வீரை, காயா, கருங்காலி, நாவல், மகிழம், தேற்றான், குருந்து. அடியில் காரை, களா, சங்கஞ்செடி. மேலே ஏறிப் பின்னிக்கொள்ளக் குன்றிமணிக்கொடி. இந்தப் பெயர்களை உரக்கச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பெயர்கள் நம் ஊர்ப்பெயர்களிலும் பாட்டி வைத்தியத்திலும் கோயில் தலவரலாறுகளிலும் இருப்பவை. மரத்தைத்தான் காணோம்.

இந்தக் காட்டின் கன்றுகள் முளைப்பதற்குக் காற்று மட்டும் போதாது. இதன் மரங்களில் பெரும்பாலானவை சதைக்கனி காய்ப்பவை. கனியைத் தின்று கொட்டையைக் கொண்டுபோய்ப் போட யாராவது வேண்டும். கொண்டைக்குருவி காரைப்பழத்தை விழுங்குகிறது, குயில் வேப்பம்பழத்தை விழுங்குகிறது, பழந்தின்னி வௌவால் புன்னைக்காயைக் கவ்விக்கொண்டு பறக்கிறது. மயிலாப்பூரில் ஓட்டுக்கூரைக்கு மேல் இரவில் தடதடவென்று ஓடி நம்மைத் திடுக்கிடவைக்கும் மரநாயும், கிண்டிக்குள் இன்றும் மிஞ்சியிருக்கும் நரியும்கூட இந்தக் காட்டின் விதைக்காரர்கள். ஒரு மரம் போனால் அதன் பழத்தை நம்பிய பறவை போகிறது. பறவை போனால் அது விதைத்துவந்த இன்னும் பத்து மரங்களுக்குக் கன்று இல்லாமல் போகிறது. மேலே மரங்கள் நின்றுகொண்டே இருக்கும், பார்க்கப் பச்சையாகவே இருக்கும், ஆனால் கீழே ஒரு பிள்ளை இருக்காது. சூபாபுல்லும் சீமைக் கருவேலமும் புகுந்த இடத்தில் நடப்பது இதுதான். தரையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தலைமுறையை எழவிடாமல் செய்கின்றன. நிற்கும் மரங்களின் தலையை எண்ணுகிறவர் கண்ணுக்கு இந்தச் சாவு தெரியவே தெரியாது.

இந்தக் காட்டின் மிச்சமாக நிற்கும் கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். 1910-இல் காப்புக்காடாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி. வளாகம் எல்லாம் ஒரு காலத்தில் ஒரே காடாக இருந்தவை. அங்கே நம்மோடு வாழ்வது வெளிமான். அந்தப் பெயரிலேயே அதன் வீடு எது என்று முன்னோர் சொல்லிவைத்திருக்கிறார்கள். வெளிமானுக்கு வெளி வேண்டும். குட்டைப் புல் வேண்டும், தூரம் தெரிய வேண்டும், ஆண்மான் தன் எல்லையை வகுத்துக்கொண்டு நிற்கத் திறந்த தரை வேண்டும். அந்த வெளியைச் சீமைக் கருவேலமும் மற்றப் புதர்களும் மூடிக்கொண்டு வந்தால் வெளிமானுக்கு அது காடு வளர்வது இல்லை, வீடு இடிவது. சர்தார் பட்டேல் சாலையில் பேருந்தில் போகிற நாம் வேலிக்கு அப்பால் அடர்த்தியைப் பார்த்து "பரவாயில்லை, நன்றாக வளர்ந்திருக்கிறது" என்று நிம்மதிப்படுகிறோம். நமக்கு நிம்மதி தரும் அதே அடர்த்தி உள்ளே இருக்கும் மானுக்குச் சிறை.

கிண்டியில் சிறிய அளவில் நடப்பது கோடியக்கரையில் பெரிய அளவில் நடக்கிறது. அங்கேயும் வெளிமான், அங்கேயும் உலர் பசுமைமாறாக் காடு. அங்கே திரியும் மட்டக்குதிரைகள் சீமைக் கருவேலத்தின் இனிப்புக் காயைத் தின்று சாணியோடு விதைத்துக்கொண்டே போகின்றன. வனத்துறை வெட்ட வெட்டப் புல்வெளி மீண்டும் மூடிக்கொள்கிறது. கென்யாவின் பாரிங்கோ ஏரிக்கரைக்கும் இதே மரம் உதவி என்ற பெயரில்தான் போனது. மேய்ச்சல் நிலத்தை இழந்த அந்த மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். இந்தக் காயைத் தின்று தின்று பல் கொட்டிப்போன ஓர் ஆட்டை நீதிமன்றத்துக்கே கொண்டுவந்து காட்டினார்கள். "மரம் என்றால் மரம்தான்" என்று அந்த ஆட்டிடம் யாராலும் சொல்ல முடியாது.

கடற்கரைக்கும் ஒரு வார்த்தை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அலைத்தடுப்பு என்று தமிழ்நாட்டுக் கரை நெடுகச் சவுக்கு நட்டார்கள். சவுக்கு நல்ல மரம். கழியும் விறகும் தரும், அதன் இடத்தில் இருக்கும்வரை. மணல்மேட்டுக்குச் சொந்தக்காரர்கள் அடும்பும் ராவணன் மீசையும். மணலைப் பிடித்து மேடு கட்டி, அலைக்கு உண்மையான தடுப்பாக இருந்தவை அவைதான். மேட்டைச் சமன்செய்து கரைவரை சவுக்கு வைத்தால் அடும்புக்கும் இடமில்லை, முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைக்கும் இடமில்லை. 1988 முதல் மாணவர்களின் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு தைக்கும் பங்குனிக்கும் இடையே நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காக்கிறது. அவர்களோடு ஒருமுறை நடந்து பாருங்கள். மரம் இல்லாத கரையும் உயிருள்ள இடம்தான், அங்கே மரம் வைப்பதும் ஓர் ஆக்கிரமிப்பாகலாம் என்பது காலுக்கடியில் தெரியும்.

"மரம் என்றால் மரம்தான்" என்பதற்கு அரசாங்க முத்திரையே இருக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மர விதானம் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது வனப்பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வியே கிடையாது. செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிந்தால் தென்னந்தோப்பும் வனம், சீமைக் கருவேலக் காடும் வனம். அப்படியானால் ஓர் ஏரிக்கரையில் சீமைக் கருவேலத்தை அகற்றி நாட்டுக் கன்று வைத்தால், அந்தக் கன்றுகள் வளரும்வரை கணக்கில் வனம் குறைந்ததாகத்தான் காட்டும். தமிழ்நாடு அரசு 2022-இல் பசுமைப் போர்வையை 33 சதவீதமாக உயர்த்தப் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. அதே 2022-இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்கும் கொள்கையையும் வெளியிட்டது. இரண்டாவதைப் பாராட்டுகிறேன், இந்த நாட்டில் அப்படி எழுத்தில் கொண்டுவந்ததே பெரிது. ஆனால் முதலாவதை எண்ணிக்கையால் அளக்கும் வரை இரண்டாவதற்குக் கை எழாது. எந்த அதிகாரி தன் மாவட்டத்தின் பச்சையைக் குறைத்துக் காட்ட முன்வருவார்?

பரவும் மரங்களை அகற்றச் சொல்லும் எங்கள் பக்கத்திலும் தவறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது நேர்மையாகாது. சீமைக் கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுத்துவிடுகிறது, அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகிவிடுகிறது என்றெல்லாம் கைப்பேசியில் சுற்றும் செய்திகளுக்கு ஆதாரம் இல்லை. உண்மைக் குற்றச்சாட்டே வலுவாக இருக்கும்போது பொய்க்குற்றம் எதற்கு? அயல் மரங்கள்தான் விழுந்தன, நாட்டு மரங்கள் நின்றன என்று வர்தாவைச் சாட்சிக்கு இழுப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. மயில்கொன்றையும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் நிறைய விழுந்தது உண்மை. ஆனால் கேபிளுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் பள்ளம் தோண்டி வேரை அறுத்து, அடிமரத்தின் கழுத்தைச் சிமெண்டால் நெரித்து வைத்திருந்தால் வேம்பும் விழும், விழுந்தது.

இன்னொரு தவறு அவசரம். வைகோ தொடுத்த வழக்கில் 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. அதே ஆண்டில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. ஜேசிபியால் புரட்டிப்போட்டுவிட்டுப் போன மண்ணில் அடுத்த மழைக்கு முதலில் முளைப்பது மறுபடியும் அதே மரம்தான். விதை மண்ணுக்குள் காத்துக்கொண்டிருக்கிறது. அரைகுறையாக வெட்டினால் அடியிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். இராமநாதபுரத்துக் கண்மாய்களில் நாரையும் கொக்கும் அந்த முள்மரத்திலும் கூடு கட்டுகின்றன. வேறு மரத்தை வளர்க்காமல் அதை ஒரே நாளில் பிடுங்கினால் கூடும் போய்விடும். அந்த மாவட்டத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களையும் மறக்கக் கூடாது. ஆகவே அகற்றுவது ஒருநாள் கூத்தாக இருக்க முடியாது. தென்னாப்பிரிக்கா 1995-இல் தொடங்கிய திட்டத்தில் வேலையில்லாத ஏழை மக்களுக்குக் கூலி கொடுத்து, நீர்ப்பிடிப்பு மலைகளை மூடிய அயல் மரங்களை ஆண்டுக்கணக்கில் வெட்டினார்கள். வெட்டிய இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய் மறுதளிர்ப்பைக் களைந்தார்கள். முதுமலையில் பரவிய அயல் மரமான மஞ்சள்கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடு நம் மாநிலத்திலேயே நடக்கிறது. வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கடைசியாக, படித்தவர்கள் அடிக்கடி சொல்லும் ஒன்று: "இந்த மண் கெட்டுவிட்டது. இங்கே இனி வேறு எதுவும் வளராது. இருக்கிற பச்சையையாவது விட்டுவையுங்கள்." இந்த வாதத்துக்குப் பதில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. அடையாற்றுக் கழிமுகத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டி, சீமைக் கருவேலம் மூடிக் கிடந்த இடத்தைச் சென்னை ஆறுகள் சீரமைப்பு அறக்கட்டளை எடுத்து, ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் காட்டுக்காரர்களின் துணையோடு மீட்டது. 58 ஏக்கர். முள்மரத்தை அகற்றி, குப்பையை அள்ளி, நீர் வந்துபோக வழி திறந்து, இந்தக் கரைக்கே உரிய மரம், செடி, கொடி, புல், அலையாத்தி என்று பார்த்துப் பார்த்து வைத்தார்கள். 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் கோட்டூர்புரத்தில் குப்பைமேடாக இருந்த நிலத்தை "நிழல்" அமைப்பினர் 2006 முதல் நாட்டு மரங்களின் பூங்காவாக வளர்த்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் மண் இதே மண்தான், உப்புக்காற்று இதே காற்றுதான்.

ஒருநாள் கோட்டூர்புரத்து மரப் பூங்காவில் ஒரு நாவல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் நட்டிராத ஒரு காரைச்செடி, முழங்கால் உயரம், சருகுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. எந்தப் பறவையோ மேலே கிளையில் உட்கார்ந்து எச்சமிட்டதில் வந்தது. அடையாறில் அதற்கு நேர் எதிராக, நான் தேடித் தேடியும் ஒரே ஒரு வெளிறிய வேப்பங்கன்று மட்டும் கிடைத்த அந்த மனை நினைவுக்கு வந்தது. ஒரு மரத்தடியில் யாரும் வைக்காத இன்னொரு செடி முளைப்பதைத்தான் நான் காடு என்கிறேன்.

கபாலீசுவரர் கோயிலின் தலமரமான புன்னை இந்தக் கடற்கரையின் மரம். உப்புக்காற்றைத் தாங்கும், ஆண்டெல்லாம் நிழல் தரும், வெள்ளைப்பூ மணக்கும். மயிலாப்பூரில் எத்தனை தெருக்களில் புன்னை நிற்கிறது என்று தேடிப் பாருங்கள். கோயிலுக்குள் கும்பிடும் மரத்துக்குத் தெருவில் இடம் கொடுக்க மறந்திருக்கிறோம். புரட்டாசி கடைசியில், மழைக்கு முன், உங்கள் வட்டத்திலும் கன்று நட வருவார்கள். வந்தவர்களைத் தடுக்க வேண்டாம், குழி தோண்டிக் கொடுங்கள். ஆனால் கன்றைக் கையில் வாங்கும்போது அதன் பெயரைக் கேளுங்கள். பெயர் தெரியாது என்றால், புன்னையோ புங்கையோ பூவரசோ மகிழமோ கொண்டுவந்து தரும்வரை அந்தக் குழியை மூடாமல் வையுங்கள்.